தினம் 30 கேம் ஆடியும் ரேட்டிங் ஏறவில்லையா?

‘இன்னும் ஒரே ஒரு கேம்மா...’

பரீட்சை நேரத்திலும் செஸ் ஆடும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் குரல் கேட்கும். செல்போனில் மூன்று நிமிட பிளிட்ஸ். தோற்றால் கோபத்தில் உடனே அடுத்தது. மாதக்கணக்கில் இப்படி ஆடியும் ரேட்டிங் நின்ற இடத்திலேயே நிற்கும். கோச்சிங் ஃபீஸ், வெளியூர்ப் போட்டிக்கு ரயில் டிக்கெட், நுழைவுக் கட்டணம் என்று செலவு மட்டும் ஏறும். ‘இவனுக்கு இவ்வளவுதான் வரும்போல’ என்று அப்பா முடிவுகட்டுவதும், பிள்ளை அதை நம்பி போர்டை மூட்டை கட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான். பல வீடுகளில் திறமைக்குக் குறைவில்லை. பயிற்சி என்ற ஒன்று தொடங்கவே இல்லை, அவ்வளவுதான்.

முதல் வேலை, தோற்ற ஆட்டத்தை மறுபடி போர்டில் வைத்துப் பார்ப்பது. கசப்பான வேலை. அதனாலேயே பலரும் ஆட்டம் முடிந்த மறுநொடி கம்ப்யூட்டர் என்ஜினைத் தட்டிவிடுகிறார்கள். ‘23-வது நகர்த்தல் தப்பு’ என்று அது சொல்லிவிடும். அந்த நேரத்தில் பிள்ளை என்ன நினைத்து அந்தக் குதிரையை நகர்த்தினான் என்பது அதற்குத் தெரியாது. திருத்த வேண்டியது அந்த நினைப்பைத்தானே?

குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா இந்த விஷயத்தில் கறாராக இருந்தார். கிட்டத்தட்ட கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை குகேஷை என்ஜின் பக்கம் அவர் விடவில்லை. கம்ப்யூட்டர் இல்லாமல் செஸ்ஸே இல்லை என்றாகிவிட்ட காலத்தில், எல்லாவற்றையும் சொந்தமாக யோசித்தே வளர்ந்த பையன் 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனான். எல்லோருக்கும் அவ்வளவு வைராக்கியம் தேவையில்லை. ஆட்டம் முடிந்ததும் எங்கே குழம்பினோம், எதைப் பார்க்காமல் விட்டோம் என்று நோட்டில் சொந்தக் கையால் எழுதிவிட்டு, மறுநாள் என்ஜினைத் திறந்தால் போதும். பத்து ஆட்டம் எழுதிய பிறகு அந்த நோட்டைப் புரட்டினால் ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருவது தெரியும். அடுத்த மாதப் பாடத்திட்டம் அதுதான்.

அடுத்தது புதிர்கள். புதுசு புதுசாகப் போட வேண்டும் என்று அவசியமில்லை. சுவீடனின் ஹான்ஸ் டிக்கனென் ஒரே புதிர்த் தொகுப்பை மறுபடி மறுபடி, ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைக் கூட்டிப் போட்டார். 2010-ல் ஏழே வாரத்தில் மூன்று கிராண்ட்மாஸ்டர் நார்ம்களை எட்டினார். மரங்கொத்தி முறை என்று அதற்குப் பெயர். வீட்டுப் பிள்ளைக்கு 100 புதிர் கொண்ட ஒரு புத்தகம் தாராளம். விடையை மனதுக்குள் முழுசாகக் கண்டுபிடித்த பிறகே காயைத் தொட வேண்டும்.

ஓப்பனிங்கில்தான் பணமும் நேரமும் அதிகம் வீணாகின்றன. வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டு அதோடு நிறுத்தலாம். மிச்ச நேரம் எண்ட்கேமுக்கு.

‘நாலு காய் மிஞ்சின பிறகு என்ன இருக்கு?’ என்று அலுத்துக்கொள்பவர்கள் 2024 டிசம்பர் 12-ம் தேதி சிங்கப்பூரில் நடந்ததைப் பார்க்கலாம். உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டம். டிரா ஆக வேண்டிய நிலையில், 55-வது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன. மந்திரிகளையும் வெட்டிக்கொள்ள வைத்தால் வெறும் ராஜாவும் சிப்பாயும்தான். ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பதால் வெற்றி என்று குகேஷுக்குத் தெரிந்துவிட்டது. 18 வயதில் உலகப் பட்டம். ராஜா-சிப்பாய் முடிவுகள் செஸ் வகுப்பில் ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம்!

பள்ளி போகும் பிள்ளைக்குத் தினம் ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரிது. வார நாட்களில் அரை மணி புதிர், மீதி நேரம் ஒருநாள் எண்ட்கேம், ஒருநாள் பழைய ஆட்டத்தின் அலசல் என்று மாற்றி மாற்றி வைக்கலாம். சனிக்கிழமை, ஆளுக்கு ஒரு மணி நேரமாவது கடிகாரம் வைத்து ஒரே ஒரு நீண்ட ஆட்டம், நகர்த்தல்களை எழுதிக்கொண்டே. ஞாயிறு காலை அதே ஆட்டத்துக்கு நோட்டு. போட்டிக்கு முந்தைய நாள் எதுவும் வேண்டாம், தூக்கம்தான்.

பிளிட்ஸ்? ஒரேயடியாகத் தடை போட்டால் வீட்டில் போர் மூளும். ஞாயிறு இரவு நோட்டைக் காட்டிவிட்டு ஐந்து ஆட்டம். ஆறாவது கேட்டால், போன் அம்மா கையில்.