ஹார்ட் டிஸ்க் எங்கே திணறுகிறது? எண்களாக எடுத்துப் பார்க்கலாம்

கம்ப்யூட்டர் மெதுவாக இயங்கினால் பலரும் டாஸ்க் மானேஜரைத் திறக்கின்றனர். டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும். ஆனால் அதன் வரைபடத்தில் கடைசி 60 விநாடிகள் மட்டுமே நிற்கும். மாலை ஏழு மணிக்கு ஏற்பட்ட தடங்கலை எட்டு மணிக்குப் பார்க்க முடியாது. மேலும் 100 சதவீதம் என்றால் டிஸ்க்குக்கு ஓய்வில்லை என்று மட்டுமே பொருள். நிறைய வேலை செய்கிறதா, சிறிய வேலைக்கே திணறுகிறதா என்பது அதில் தெரியாது.

இதற்கான கட்டளை விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. பெயர் டைப்பெர்ஃப். எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம். கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, கீழே உள்ளதை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

டைப்பெர்ஃப் -க்யூஎக்ஸ் பிசிகல்டிஸ்க் -ஓ டிஸ்க்.டிஎக்ஸ்டி

உங்கள் டிஸ்க்குகளில் அளக்கக்கூடிய எல்லா அளவீடுகளின் பெயர்களும் அந்த ஃபைலில் வரிசையாக எழுதப்படும். நோட்பேடில் திறந்து, சி டிரைவ் உள்ள டிஸ்க்குக்கு உரிய மூன்று வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்து சேவ் செய்யுங்கள்: ஏவிஜி. டிஸ்க் செக்/டிரான்ஸ்ஃபர், டிஸ்க் பைட்ஸ்/செக், கரன்ட் டிஸ்க் க்யூ லெங்த். நீளமான பெயர்களை நாமே டைப் செய்யும் தொல்லை இதனால் இல்லை. அடுத்து,

டைப்பெர்ஃப் -சிஎஃப் டிஸ்க்.டிஎக்ஸ்டி -எஸ்ஐ 5 -எஸ்சி 720 -ஓ அளவு.சிஎஸ்வி

(அளவு என்ற இடத்தில் நீங்கள் விரும்பும் ஆங்கிலப் பெயரைத் தரலாம்.) 5 விநாடிக்கு ஒருமுறை, 720 முறை, அதாவது ஒரு மணி நேரம் பதிவாகும். நீங்கள் வழக்கமான வேலையைத் தொடரலாம். இடையில் நிறுத்த கன்ட்ரோல், சி கீகளைச் சேர்த்து அழுத்தவும்.

கிடைத்த ஃபைலை எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறக்கலாம். தேதியில் மாதம்தான் முதலில் இருக்கும். நம் ஊர் முறைப்படி செட் செய்த எக்ஸெல் அதை நாளாக எடுத்துக்கொள்ளக் கூடும்.

முதலில் பார்க்க வேண்டியது டிரான்ஸ்ஃபர் நேரம். இது விநாடிக் கணக்கில் இருக்கும். 0.010 என்றால் 10 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கிறது. ஹெட் நகரும் நேரமும் சேருவதால் 10 முதல் 15 வரை இயல்பே. எஸ்எஸ்டி என்றால் பெரும்பாலும் 1-க்கும் கீழே இருக்கும்.

தாமதம் கூடும் நேரத்தில் பைட்ஸும் மிக அதிகமாக இருந்தால் ஏதோ ஒரு புரோகிராம் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கிறது. பல நேரம் அது ஆன்ட்டிவைரஸ் ஸ்கேன்தான். பைட்ஸ் மிகக் குறைவு, தாமதம் மட்டும் அதிகம் என்றால் எச்சரிக்கை தேவை. என் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்படித்தான் இருந்தது. பழுது பார்ப்பவர் மதர்போர்டை மாற்றச் சொல்லியிருந்தார். எடுத்த பதிவிலோ, பைட்ஸ் ஏறக்குறைய பூஜ்யமாக இருந்த வரிகளில் தாமதம் 0.4 விநாடியைத் தாண்டியிருந்தது. படிக்க முடியாத இடங்களை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயலும்போது இந்த நிலை வரும். அக்கா மகள் பிறந்த நாளிலிருந்து எடுத்த போட்டோக்கள் எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில்தான். அன்றிரவே வேறு டிரைவுக்கு காப்பி செய்தோம். சில ஃபோல்டர்களுக்கு மணிக்கணக்கில் ஆனது. மதர்போர்டு இன்றும் பழையதுதான். டிஸ்க் மட்டும் புதிது.