வீட்டைப் பற்றி எழுதுங்கள்



சென்னையில் வாடகைக்கு வீடு தேடும் நம்மவர், விளம்பரத்தில் "சைவம் மட்டும்" என்ற இரு சொற்களைக் கண்டதுமே அவ்வீடு தமக்கில்லை என்று உணர்ந்து கொள்கின்றனர். அந்த வேதனையை அறிந்த நாமும், சொந்த வீட்டை வாடகைக்கு விடுகையில் "முஸ்லிம் குடும்பத்தாருக்கு மட்டும்" என்று எழுதிவிடுகிறோம். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் இத்தகைய விளம்பர வாசகங்களையே தடை செய்தது. மதத்தைக் காட்டித் தனியார் வீடு மறுப்பதைத் தடுக்க நம் நாட்டில் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. ஆகவே பொறுப்பு எழுதுகிறவரிடமே இருக்கிறது.

போடிநாயக்கனூரையே எடுத்துக் கொள்ளுங்கள். ஏலக்காய் வணிகம் பல ஊராரையும் இங்கு வரவழைக்கிறது. 2010இல் நின்ற இரயிலும் 2023 ஜூனில் மீண்டும் வந்துவிட்டது. "சிறு குடும்பத்திற்கு ஏற்றது" என்பதைக் காட்டிலும், "2 அறை, மாடிக்கு 18 படி, கைப்பிடி உண்டு, இரயில் நிலையம் 10 நிமிட நடை" என்பது பயன் தரும். முழங்கால் வலியுள்ள மூதாட்டி தாமே முடிவு செய்து கொள்வார். "பள்ளிவாசல் அருகில்" என்று தாராளமாக எழுதலாம். அது இடத்தைச் சொல்கிறது, ஆளை விலக்கவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தையும் சேர்த்தெழுதினால் இன்னும் நன்று.

போடிமெட்டைக் கடந்தால் விளம்பரங்களில் வேறு வகை மறைப்பு. "ஓய்வு விடுதிக்கு உகந்த ஏலத்தோட்டம்" என்பார்கள். கேரளப் பகுதி ஏலமலைக் காட்டில் பல தோட்டங்கள் ஏலச் சாகுபடிக்கென்றே அரசு தந்த குத்தகை நிலங்கள். அவற்றில் விடுதி கட்ட உரிமை கிடையாது. விற்பவராயின் பட்டாவா, குத்தகையா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். வாங்குபவராயின் அவ்வரி இல்லாத விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.