ஆவடிக்குப் போகும் வண்டி

பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்தபின் கிழக்கு ஐரோப்பிய நகரங்கள் எவ்வாறு மாறின என்று வினவுவோர் வார்சா வரை போகவேண்டுவதில்லை. திருத்தணியில் விடியற்காலை வண்டியேறி, அரக்கோணம், திருவள்ளூர் கடந்து ஆவடியில் இறங்கினாலே பாதி விடை கிடைத்துவிடும். நம் பங்கு மக்கள் பலருடைய பிழைப்பும் அந்த இருப்புப்பாதையில்தான் இருக்கிறது.

1955 ஜனவரியில் தேபர் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கென்று தீர்மானித்தது இந்த ஆவடியில்தான். 1961-இல் அங்கே கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பின்னர் சோவியத் உரிமத்தின்பேரில் டி-72 டாங்கிகள் உருவாயின. வீடு, பள்ளி, மருத்துவமனை யாவற்றையும் ஆலையே அளித்தது. ஆவடியில் வேலை என்றால் பெண் கொடுக்கத் தயங்குவாரில்லை!

போலந்தில் கிராக்கோவ் அருகே 1949-இல் தொடங்கிய நோவா ஹுத்தாவும் இத்தகையதே. ஆனால் கோயிலில்லா நகராகத் திட்டமிடப்பட்டது. 1960-இல் சிலுவையை அகற்ற வந்தோரை மக்கள் எதிர்த்து நின்றனர். 1977 மே 15-இல் அங்கே ஆலயத்தை அபிஷேகம் செய்த கர்தினால் வொய்த்திலா, மறு ஆண்டே இரண்டாம் அருள் சின்னப்பர் என்னும் பாப்பரசரானார். 1989-இல் லெனின் சிலை அகற்றப்பட்டது. ஏறத்தாழ 40,000 பேர் உழைத்த உருக்காலை பின்னர் அயல்நாட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. இன்று அங்கிருப்போர் அதில் ஒரு சிறு பகுதியினரே.

நம் நாட்டில் சிலை எதுவும் விழவில்லை. 1991 ஜூலையில் தொழிற்கொள்கை மாறியது; அவ்வளவே. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பட்டறைகளுக்கிடையே கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. 2021 அக்டோபர் 1-இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாயிற்று. ஏழும் அரசுடையவையே என்பதையும் சொல்லவேண்டும்.

பழைய ஒழுங்கை நாம் போற்றிப் பாட வரவில்லை. நோவா ஹுத்தாவில் இறைச்சிக்கு வரிசை நின்றனர். இங்கோ ஆலைக்குள் புகுந்தவர் சிலர், விசைத்தறியோடு வெளியே நின்றவர் பலர். இன்று நம் பெண்மக்களும் வேலைக்குச் செல்கின்றனர், அது நன்றே. எனினும், தந்தை ஒரே ஆலையில் ஓய்வூதியம் வரை உழைத்த வீட்டில், மகன் ஒப்பந்தக்காரர் மாறுந்தோறும் புதியவனாகிறான். திருமணம் தள்ளிப்போகிறது; ஞாயிறு திருப்பலியும் இரவுப்பணியின் தயவில் நிற்கிறது.

அதே 1991-இல், மே முதல் நாள், ‘நூறாம் ஆண்டு’ச் சுற்றுமடலில் பாப்பரசர், சோஷலிசம் தோற்றமையால் முதலாளித்துவமே ஒரே வழி என்றாகிவிடாது என்றார். நம் இளைஞரிடம் நாம் கேட்பது அதனினும் சிறிது: வருங்கால வைப்பு நிதிக் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஒப்பந்தக்காரர் செலுத்தத் தவறினால் முதன்மை நிறுவனமே பொறுப்பு. இதனை அறியாதோரே நம்மிடம் மிகுதி. கணக்கு எண் தெரியாதோர் ஞாயிறு பூசைக்குப்பின் சம்பளச் சீட்டுடன் பங்கு இல்லத்துக்கு வரலாம்.