பிறந்த பின் பழகும் ஈரல்

சென்ற மாதம் ஊரிலிருந்து அக்காள் தொலைபேசியில் அழைத்தாள். பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு உடம்பெல்லாம் மஞ்சளாம். நீல விளக்கின் கீழே கிடத்தியிருக்கிறார்களாம். “நீ ஈரலைப் பற்றித்தானேடா படிக்கிறாய்? என் பிள்ளைக்கு ஈரல் கெட்டுவிட்டதா, சொல்லு!” என்று அழுதாள். நாள்தோறும் எலிக்குட்டிகளின் ஈரலோடு மல்லாடும் எனக்கு அப்பொழுது வாய் எழவில்லை. பிறகு அவளுக்குச் சொன்னதையே நண்பர்களுக்கும் எழுதுகிறேன்.

ஈரல் கெடவில்லை, வேலை பழகவில்லை, அவ்வளவுதான். கருவில் இருக்கும்வரை சர்க்கரை தாயின் இரத்தத்திலிருந்து வருகிறது. ஊரில் அம்மா சமைத்துப் போட்டவரை நம்மில் எத்தனை பேருக்கு அடுப்பு மூட்டத் தெரிந்தது? கொப்பூழ்க்கொடி அறுந்ததும் அந்த வரவு நின்றுவிடுகிறது. ஈரலில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் சில மணி நேரத்துக்குத்தான் காணும். பிறகு ஈரலே சர்க்கரையை ஆக்க வேண்டும். அதற்கு வேண்டிய நொதிகளுள் ஒன்று பாஸ்போஈனால்பைருவேட் கார்பாக்சிகைனேஸ். (பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம், தேர்வில் எழுதும் எங்களுக்கே மூச்சு முட்டும்.) எலியின் கருவில் அது இல்லையென்றே சொல்லலாம்; பிறந்த சில மணி நேரத்தில் தோன்றிவிடுகிறது.

எழுப்பிவிடுவது யார்? பிறந்தவுடன் இரத்தச் சர்க்கரை இறங்குகிறது; குளுக்ககான் என்னும் ஹார்மோன் ஏறுகிறது. 1967-இல் ஆல்கா கிரீன்கார்டு வெளியிட்ட ஆய்வில், கருவிலிருக்கும் எலிக்கே குளுக்ககான் செலுத்தியபோது, பிறந்த பின் பெருக வேண்டிய சில நொதிகள் முன்கூட்டியே தோன்றின. எல்லா நொதிகளும் இப்படி அவசரப்படுவதில்லை. குளுக்கோகைனேஸ் இரண்டு வாரம் கழித்து, குட்டி பாலை விட்டுத் தானியம் கடிக்கும் பருவத்தில்தான் வருகிறது.

அக்காள் குழந்தையின் மஞ்சளுக்குக் காரணம் வேறொரு நொதி. பழைய இரத்த அணுக்கள் சிதையும்போது பிலிருபின் உண்டாகிறது. அதைக் கரையச் செய்து பித்தத்தோடு வெளியேற்றும் நொதி, பிறந்த குழந்தையிடம் பெரியவர்களுக்கு இருப்பதில் நூற்றில் ஒரு பங்களவே உண்டு. நிரம்ப மூன்று மாதமாகும். அதற்குள் பிலிருபின் மிகுந்தால் மூளையைத் தாக்கிவிடும். நீல ஒளி அதன் வடிவை மாற்றி, நொதியின் உதவியின்றியே வெளியேற வைக்கிறது. இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட குழந்தையின் மஞ்சள் வெளிறியதைத் தாதி ஒருவர் கண்டதிலிருந்து பிறந்து, 1958-இல் வெளியான வைத்தியம் இது. அதற்காகப் பாட்டி சொல்வதுபோல் வெயிலில் காட்டினால் போதுமென்று இருந்துவிட முடியாது. அளவு பார்த்தே ஆக வேண்டும்.

“அப்படியென்றால் உன் எலியும் என் பிள்ளையும் ஒன்றா?” என்று அக்காள் சண்டைக்கு வந்தாள். இரண்டாம் நாள் மாலை விளக்கை அணைத்துவிட்டார்களாம்.