பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள்

மாடுகள் குறைந்துவிட்ட வீட்டில் தொழு உரத்துக்கு எங்கே போவது? இப்படிக் கவலைப்படும் விவசாயிகளுக்குக் கைகொடுப்பது தக்கைப்பூண்டு. களர் நிலத்திலும் வளரும்.

கோடை மழை கிடைத்ததும் நிலத்தை உழுது, ஏக்கருக்கு 20 கிலோ விதையைத் தூவவேண்டும். இதன் வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தரும். சுமார் 45 நாளில், பூக்கும் தருணத்தில், செடியை மடக்கி உழுது நீர் கட்டவேண்டும். ஒரு வாரம், பத்து நாள் மட்கியபின் நாற்று நடலாம்.

“இன்னும் வளரட்டும்” என்று விட்டுவிடாதீர்கள். தண்டு முற்றி நார் ஏறினால் எளிதில் மட்காது. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். நட்ட பயிர் வெளுக்கும்.

மட்கு சேர்ந்தால் களிமண் பொலபொலப்பாகும். மணற்பாங்கான நிலம் ஈரம் காக்கும். வரப்போரம் சில செடிகளை மட்டும் முற்றவிடுங்கள். அடுத்த ஆண்டு விதைச் செலவு மிச்சம்.