துருவுக்கும் ஒரு விலை! - மூன்று லட்ச ரூபாய் பேஸ் கிட்டார் அவசியமா?

கடைக்கு அன்றுதான் வந்திறங்கிய புத்தம் புது பேஸ் கிட்டார். பெட்டியைப் பிரித்தால் ஓரங்களில் பெயின்ட் உரிந்திருக்கிறது. திருகுகளில் துரு. நெக்கின் பின்பக்கம், நாற்பது வருடம் யாரோ வாசித்ததுபோல வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. ‘டேமேஜ் பீஸை அனுப்பிவிட்டார்கள்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். அந்தத் தேய்மானம், தொழிற்சாலையில் ஆள்வைத்து உண்டாக்கியது. விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்!

‘விண்டேஜ் ஸ்டைல்’ என்பார்கள். 1950, 60-களில் வந்த பேஸ் கிட்டாரை அதே வடிவம், அதே மரம், அதே காந்தச் சுருளோடு இன்று மறுபடி செய்வது. சிலவற்றில் செயற்கையாகப் பழமையையும் ஏற்றிவிடுவார்கள். பழகுகிறவர்களுக்கான பேஸ் கிட்டார் பதினைந்து, இருபதாயிரம் ரூபாயிலேயே கிடைக்கிறது. அமெரிக்காவில் செய்த விண்டேஜ் ஸ்டைல் பேஸ், இங்கே வந்து சேரும்போது இரண்டு லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். கைவேலை கூடினால் விலை இன்னும் ஏறும். இரண்டிலும் இருப்பது அதே நான்கு தந்திகள்தான்.

தூத்துக்குடியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சைக்கிள் செயின் முதல் ஜன்னல் கம்பிவரை உப்புக்காற்றில் சும்மாவே துருப்பிடிக்கிற ஊர் அது. ஆனால், கோயில் பாடற்குழுவிலும் திருவிழாக் கச்சேரியிலும் பேஸ் வாசிக்கிற இளைஞர்களுக்கு இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. வாசிப்பு கொஞ்சம் கைவந்ததும், ‘நல்ல பேஸ் இருந்தால் நானும் பெரிய ஆளாகிவிடுவேன்’ என்ற நினைப்பு வரும். அடுத்து வீட்டில் பேச்சு எழும். பிள்ளையின் ஆசைக்காக நகையை அடகு வைக்கலாமா, கூடாதா? அந்தக் கேள்விக்கு விடை வேண்டுமென்றால், அந்த மூன்று லட்சத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

போனில் கேட்காத சத்தம்

பாட்டில் பேஸ் எது என்று பலருக்குத் தெரியாது. அது இல்லாவிட்டால் மட்டும் ஏதோ குறைவது உடனே தெரிந்துவிடும். ‘மூடுபனி’ (1980), ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) படங்களின் பாடல்களை ஒருமுறை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். குரலுக்குக் கீழே இன்னொரு மெட்டு தனியாக நடந்துகொண்டிருக்கும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வாசித்த சசிதரன், ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸ் ஆகியோரின் பெயர்கள் இசைக்கலைஞர்கள் மத்தியில் மரியாதையோடு சொல்லப்படுபவை. ரஹ்மானின் மேடைகளில் வாசித்த மோஹினி டேவைப் பார்த்து பேஸ் எடுத்த பெண்பிள்ளைகளும் உண்டு.

பேஸின் மிகத் தடித்த தந்தி, நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் செல்போனின் குட்டி ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. அதன் மேல் ஒலிகளை மட்டும் கேட்டு, மீதியை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது. அதனால், போன் ஸ்பீக்கரில் வீடியோ பார்த்துவிட்டு ‘லட்ச ரூபாய் பேஸின் சத்தமே தனி’ என்று யாராவது சொன்னால், அவர் கேட்டது பேஸின் பாதியைக்கூட அல்ல.

கடற்கரைக்கு மேற்கத்திய இசை புதிதல்ல. யோட்லிங்கைத் தமிழ் சினிமாப் பாட்டுக்குள் கொண்டுவந்த ஜே.பி.சந்திரபாபு, 1927-ல் தூத்துக்குடியில் பிறந்தவர். அவர் பெயரில் உள்ள ‘பி’, ஊரின் பனிமய மாதாவை வைத்து இட்ட ‘பனிமயதாஸ்’ என்ற பெயரின் முதலெழுத்து.

ரேடியோ மெக்கானிக் செய்த கருவி

இந்தப் பழமை மோகத்தின் கதை, லியோ ஃபெண்டரிடம் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது! அந்நாளில் பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான். தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. சரியான ஸ்வரத்தில் விரலை வைக்கப் பல வருடப் பயிற்சி வேண்டும். ஃபெண்டர் 1951-ல் தோளில் மாட்டிக்கொள்ளும் எலெக்ட்ரிக் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஃப்ரெட் கம்பிகள் இருந்ததால் ஸ்வரம் பிசகாது. அதனால் ‘பிரிசிஷன் பேஸ்’ என்று பெயர். 1960-ல் நெக் மெலிந்த ‘ஜாஸ் பேஸ்’ வந்தது.

1965-ல் ஃபெண்டர் தன் கம்பெனியை சி.பி.எஸ் என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றார். அதன்பிறகு தரம் குறைந்தது என்ற பேச்சு கலைஞர்களிடையே பரவியது. ‘1965-க்கு முன் செய்தது’ என்பதே ஒரு முத்திரையானது. பழைய கருவிகளின் விலை ஏறியது. எழுபதுகளின் கடைசியில் ஜப்பான் கம்பெனிகள் அந்தப் பழைய மாடல்களை அச்சு அசலாகச் செய்து குறைந்த விலைக்கு விற்றன. விழித்துக்கொண்ட ஃபெண்டர் நிறுவனம், 1982-ல் தன் பழைய மாடல்களைத் தானே மறுபடி வெளியிட்டது. தொண்ணூறுகளின் நடுவில், புதுக் கருவியைத் தேய்த்து, கீறி, துருவேற்றி விற்கும் ‘ரெலிக்’ வகையும் சந்தைக்கு வந்தது.

இதில் நம் ஊர்ப் பங்கும் உண்டு. ஃப்ரெட் கம்பிகள் பதிக்கும் பலகைக்கு முதலில் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைப் பயன்படுத்தினார்கள். 1960-களின் பிற்பாதியில் அந்த இடத்துக்கு இந்திய ரோஸ்வுட் வந்தது. நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்தான் அது. 2017-ல் ரோஸ்வுட் வகைகள் அனைத்துக்கும் உலக அளவில் வணிகக் கட்டுப்பாடு வந்தபோது கிட்டார் கம்பெனிகள் திண்டாடின. 2019-ன் இறுதியில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது.

முத்துக்குளித்த ஊருக்குத் தெரிந்த கணக்கு

அசலா, அசல் மாதிரியா என்ற கேள்வியை தூத்துக்குடி வேறொரு பொருளில் ஏற்கெனவே பார்த்துவிட்டது. மன்னார் வளைகுடாவின் பார்களில் காலங்காலமாக நடந்த முத்துச் சலாபம், 1955 முதல் 1961 வரை நடந்ததோடு முடிந்துபோனது. அடுத்து 1973-ல், மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். இந்தியாவில் அதுதான் முதல் வெற்றி.

வளர்ப்பு முத்து போலி அல்ல. சிப்பிக்குள் ஒரு சிறு மணியை வைப்பது மட்டுமே மனிதன் வேலை. அதன்மேல் பளபளக்கும் பூச்சு முழுவதையும் சிப்பியே சுரக்கிறது. கழுத்தில் போட்டுக்கொண்டால் எது கடல் தந்தது, எது வளர்த்தது என்று கண்ணால் சொல்வது கடினம். எக்ஸ்ரே எடுத்துத்தான் பிரிப்பார்கள். ஜப்பானின் வளர்ப்பு முத்துகள் வந்த புதிதில், 1920-களில், ‘இதையும் முத்து என்று விற்கலாமா’ என்று ஐரோப்பிய நகை வியாபாரிகள் பெரிய சண்டையே போட்டார்கள். இன்றைக்கும் இயற்கை முத்துக்குத்தான் விலை அதிகம். அழகு கூடுதல் என்பதால் அல்ல. அது இனிக் கிடைப்பது அரிது என்பதால்.

பேஸ் கிட்டாரிலும் இந்த இரண்டு விலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1962-ல் செய்த ஒரு ஜாஸ் பேஸுக்குப் பல லட்சம் கேட்கிறார்கள் என்றால், அதில் பெரும்பங்கு அருமைக்கான விலை. அந்த வருடத்துக் கருவி இனி ஒன்றுகூடப் புதிதாகப் பிறக்காது. இன்று செய்யும் விண்டேஜ் ஸ்டைல் பேஸுக்கு அந்த அருமை கிடையாது. ஆர்டர் கொடுத்தால் நாளைக்கே இன்னொன்று செய்வார்கள். அதற்குக் கொடுக்கிற பணம் வேலைப்பாட்டுக்கும், சத்தத்துக்கும், தோற்றத்துக்குமாகப் பிரிகிறது. தோற்றத்துக்கு எவ்வளவு போகிறது என்பதில்தான் விவாதமே.

வேண்டும் என்பவர்கள் சொல்வது

விலை உயர்ந்த கருவி வீண் என்று ஒரே போடாகச் சொல்லிவிட முடியாது. நல்ல பேஸில் நெக்கின் ஓரங்கள் கையை உறுத்தாது. ஃப்ரெட்கள் சீராக இருக்கும். எந்த இடத்தில் விரலை வைத்தாலும் தந்தி இரையாது. மூன்று மணி நேரக் கச்சேரியில் தோளில் தொங்கும்போது எடைகூட ஒரு பெரிய விஷயம். மட்டமான கருவி, பழகுகிறவரின் கையையும் காதையும் சேர்த்தே கெடுக்கும். பேர்பெற்ற கம்பெனியின் பேஸைத் திரும்ப விற்றால் ஓரளவு பணமும் கிடைக்கும். கையில் எடுத்தாலே வாசிக்கத் தோன்றும் கருவி, பயிற்சி நேரத்தைக் கூட்டும் என்பதும் பொய் அல்ல.

வேண்டாம் என்பவர்கள் சொல்வது

எலெக்ட்ரிக் பேஸில் சத்தத்தின் பிறப்பிடம் தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவில் இருக்கிறது. இரும்புத் தந்தி அதிர, காந்தத்தைச் சுற்றிய செம்புச் சுருளில் மின்சாரம் உண்டாகிறது. ஆம்ப்ளிஃபயருக்குப் போவது அந்த மின்சாரம்தான். பெயின்ட் உரிந்த ஓரத்துக்கோ துருப்பிடித்த திருகுக்கோ அதில் வேலை இல்லை.

மரமே சத்தமாக ஒலிக்கும் வயலினிலேயே பழமையின் பெருமை பரிசோதனையில் ஆட்டம் கண்டிருக்கிறது. 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் 21 கலைஞர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஸ்ட்ராடிவாரி உள்ளிட்ட பழைய வயலின்களையும் புதிய வயலின்களையும் வாசிக்கக் கொடுத்தார்கள். பலருக்கும் எது பழையது என்று சொல்லத் தெரியவில்லை. அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு புதிய வயலின். குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவாரி! 2012-ல் பாரிஸ் பக்கம் 10 முன்னணிக் கலைஞர்களை வைத்துச் செய்த சோதனையிலும் 6 பேர் தங்கள் முதல் தேர்வாகப் புதியதையே எடுத்தார்கள்.

இன்னொரு உண்மையும் உண்டு. பழைய சத்தம் என்று இன்று தேடப்படுகிற இசைத்தட்டுகள் பதிவானபோது, அந்தக் கருவிகளில் பலவும் புதியவை! மோடவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் 1962-ல் செய்தது. அறுபதுகளில் அது அவருடைய அன்றாட வேலைக்கருவி. ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்தவர். தந்தியை மாற்றுவதே அபூர்வம். ஜாக்கோ பாஸ்டோரியஸ், தன் 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட்கள் இல்லாத பலகையின் மேல் படகுக்கு அடிக்கும் எபாக்ஸியைப் பூசினார். அவர் வளர்ந்ததும் ஃப்ளோரிடாவின் கடற்கரையில்தான். பழமையைக் காப்பாற்றுவதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. தனக்கு வேண்டிய சத்தத்துக்காகப் பலகையையே மாற்றினார்.

கடற்கரையில் வாங்குபவர்கள் கவனத்துக்கு...

* பழைய முறையில் நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு பூசிய கருவிகள் வெயிலுக்கும் வியர்வைக்கும் சீக்கிரம் இளகும், தேயும். ரப்பர் வைத்த ஸ்டாண்டில் சாய்த்தால் கறை விழலாம். கடலோர வீட்டுக்கு, பாலியூரித்தேன் பூச்சுள்ள சாதாரண வகையே வசதி.

* வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்து, உறையில் போட்டு வையுங்கள். உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு இருக்கட்டும். கடல் பார்த்த ஜன்னல் பக்கம் சாய்த்து வைக்கவேண்டாம்.

* ஈரப்பதம் மாற மாற நெக் வளையும். வருடத்துக்கு இரண்டு முறை, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து நெக்கையும் தந்தியின் உயரத்தையும் சரிசெய்யுங்கள். மட்டமான பேஸ் என்று ஒதுக்கிய பலவும் இந்த ஒரு வேலையில் நல்ல பேஸாகிவிடும்.

* பழைய சத்தம்தான் வேண்டுமென்றால், முதலில் ‘ஃப்ளாட்வவுண்ட்’ எனும் வழவழப்பான தந்திகளை மாட்டிப் பாருங்கள். சில ஆயிரங்களில் முடியும் காரியம். அதிலும் திருப்தி இல்லையென்றால் பிக்கப்பை மட்டும் மாற்றலாம். அதன்பிறகும் குறை தெரிந்தால் பேஸை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

* மொத்தப் பணத்தையும் பேஸில் போட்டுவிட்டு, சின்ன ஆம்ப்ளிஃபயரில் வாசித்தால் அந்த 41 அதிர்வு வெளியே வராது. இரண்டுக்குமாகப் பணத்தைப் பிரியுங்கள்.

சினிமா ரெக்கார்டிங், தொடர் கச்சேரி என்று பேஸே பிழைப்பாக இருப்பவருக்கு, இரண்டு லட்ச ரூபாய்க் கருவி தொழில் முதலீடு. வருமானத்தில் அது ஈடாகிவிடும். வசதி இருந்து, பழமையின் அழகுக்காகவே வாங்குகிறவரையும் யாரும் குறை சொல்ல முடியாது. முத்து வாங்குகிறவர்கள் யாரும் கணக்குப் பார்த்து மட்டும் வாங்குவதில்லை. ஆனால், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் மாதம் ஒரு கச்சேரிக்கும் வாசிக்கிற பிள்ளைக்காக நகை அடகுக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை.

மனம் ஆறவில்லையென்றால் கடையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே மாதிரித் தந்தி. முப்பதாயிரம் ரூபாய் பேஸையும் மூன்று லட்ச ரூபாய் பேஸையும் அவர் மாற்றி மாற்றி வாசிக்கட்டும். நீங்கள் திரும்பி நின்று பத்து முறை கேளுங்கள். ஒன்பது முறை சரியாகச் சொன்னால், அந்தக் காதுக்காகச் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது. ஐந்தோ ஆறோ சரியென்றால், சின்ன பேஸோடு வீட்டுக்கு வாருங்கள். மிச்சப் பணத்தில் நல்ல வாத்தியாரிடம் பல வருடம் பாடம் கேட்கலாம்!