கொட்டைக்கரந்தை

கொட்டைக்கரந்தை (ஸ்பெராந்தஸ் இண்டிகஸ்) என்பது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த, மணமுள்ள ஓராண்டுச் செடியாகும். நீர் வற்றிய கண்மாய்களிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் தானே முளைத்து வளரும். கண்மாய்ப் பாசனத்தை நம்பிய புதுக்கோட்டை மாவட்டத்தில் இதனைப் பரவலாகக் காணலாம். சித்த மருத்துவத்தில் பயன்படும் மூலிகைகளுள் இதுவும் ஒன்று.

பெயர்கள்

உருண்டையான பூக்கொத்து கொட்டை போல் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது. வடமொழியில் முண்டி என்பர்; இது மழித்த தலையைக் குறிக்கும் சொல்லாகும். ஸ்பெராந்தஸ் என்னும் பேரினப் பெயர் உருண்டை, மலர் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது.

பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கும் வீரர் சூடுவதாக இலக்கணம் கூறும் கரந்தைப் பூ இச்செடியினுடையதே என்பர் சிலர். அது திருநீற்றுப்பச்சை என்பாரும் உளர்.

அறிவியல் வகைப்பாடு

திணை: தாவரம்
வரிசை: ஆஸ்டரேல்ஸ்
குடும்பம்: ஆஸ்டரேசியே (பழைய பெயர் கம்பாசிட்டே)
துணைக்குடும்பம்: ஆஸ்டராய்டியே
இனக்குழு: இனுலியே
பேரினம்: ஸ்பெராந்தஸ்
இனம்: ஸ்பெராந்தஸ் இண்டிகஸ்

லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இவ்வினத்திற்குப் பெயரிட்டார். முன்னர் புளூக்கியே என்னும் தனி இனக்குழுவில் வைக்கப்பட்டிருந்த இப்பேரினம், மரபணு ஆய்வுகளுக்குப் பின் இனுலியே இனக்குழுவில் சேர்க்கப்பட்டது. மாசிபத்திரி, மருக்கொழுந்து ஆகியவை அடங்கிய ஆர்ட்டிமீசியா பேரினமும் இதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயின் அதன் இனக்குழு ஆந்தமிடே ஆகும். இரு பேரினங்களிலும் செஸ்குவிடெர்பீன் லாக்டோன் என்னும் வகை வேதிப்பொருள்கள் உள்ளன. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் இவ்வகையினதே.

விளக்கம்

செடி ஏறத்தாழ 15 முதல் 45 செ.மீ. உயரம் வளர்ந்து, பக்கக் கிளைகளைப் பரப்பும். தண்டின் நீளவாட்டில் இலை போன்ற மெல்லிய சிறகுகள் ஓடும். அவற்றின் விளிம்பு பற்கள் கொண்டது. இலைகள் காம்பற்றவை, மாற்றடுக்கில் அமைந்தவை, 2 முதல் 7 செ.மீ. நீளமுள்ளவை. இலையின் அடிப்பகுதி தண்டின் வழியே கீழிறங்கிச் சிறகாகிறது. செடி முழுதும் சுரப்பி மயிர்கள் உள்ளன. கசக்கினால் கடுமையான மணம் வீசும்.

ஒரு பூவாகத் தோன்றும் ஊதா நிற உருண்டை உண்மையில் ஒரு கூட்டுத் தலைமஞ்சரி ஆகும். ஏறத்தாழ ஒரு செ.மீ. அகலமுள்ள இதில் பல சிறு தலைமஞ்சரிகள் நெருங்கி அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் வெளிப்புறப் பூக்கள் பெண் பூக்கள். உட்புறத்தில் உள்ளவை இருபால் பூக்கள். இக்குடும்பத்துச் செடிகள் பலவற்றின் விதைகளில் காணப்படும் பஞ்சு போன்ற மயிர்க்கற்றை இதற்கு இல்லை.

இனங்காணல்

கரந்தை என்னும் பெயர் பல செடிகளுக்கு வழங்குவதால் மருந்துக்கு எடுப்போர் குழம்ப நேர்கிறது. சிவகரந்தை (ஸ்பெராந்தஸ் அமராந்தாய்டஸ்) இதே பேரினத்தைச் சேர்ந்தது. அதன் தண்டில் சிறகு இல்லை. ஸ்பெராந்தஸ் ஆப்பிரிக்கானஸ் என்னும் இனத்தில் சிறகு உண்டு; ஆனால் அதன் விளிம்பில் பற்கள் இல்லை. விஷ்ணுகரந்தை முற்றிலும் வேறான செடி. சிறு நீலப் பூக்களுடைய அது தாளிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

மருந்துக்குப் பூப்பதற்கு முன்பே இலை பறிக்கும் வழக்கம் உண்டு. அந்நிலையில் ஊதா உருண்டை இராது. ஆகவே மணத்தையோ பெயரையோ மட்டும் நம்பாது, பற்களுள்ள தண்டுச் சிறகைக் கண்ட பின்னரே செடியை உறுதி செய்தல் வேண்டும். உட்கொள்ளும் அளவைத் தகுதி பெற்ற சித்த மருத்துவரே கூற இயலும்.

பரவலும் வாழிடமும்

இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, வட ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளில் காணப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டக் கண்மாய்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையால் நிறைபவை. பின்னர் நீர் வற்ற வற்ற, ஈரமுள்ள ஓரங்களில் இச்செடி முளைத்து, தை முதல் பங்குனி வரை பூக்கும். கோடை வெயிலில் காய்ந்து விதை உதிர்க்கும்.

கண்மாய் நிறைவதும் வற்றுவதுமாகிய சுழற்சியே இச்செடியின் வாழ்வுக்கு அடிப்படை. நீர்வரத்துப் பகுதிகளில் தைலமரத் தோட்டங்கள் பெருகியதால் கண்மாய்களுக்கு வரும் நீர் குறைந்ததாக இம்மாவட்ட உழவர்கள் கூறி வருகின்றனர். கண்மாய்களின் உள்ளே சீமைக்கருவேலம் அடர்ந்தால், திறந்த வெளியில் வளரும் இத்தகைய சிறுசெடிகளுக்கு வெயிலும் இடமும் கிடைப்பதில்லை. எனவே கண்மாய்களைப் பேணுவது பாசனத்திற்கு மட்டுமன்றி இம்மூலிகையின் இருப்பிற்கும் இன்றியமையாததாகும்.